உப்புக்காற்றும் மகிழுந்தும்

நுழையும்முன்

வீட்டு வாசலில் நிற்கும் மகிழுந்து ஒருநாள் காலையில் இயங்க மறுக்கிறது. உதிரிப்பொருளை மாற்றுவதா, காரணத்தைத் தேடுவதா என்னும் வினா அங்கே எழுகிறது. காரைக்காலின் கோவில்பத்தை நிலைக்களமாகக் கொண்டு, மகிழுந்தின் பொதுவான பழுதுகளை வீட்டிலேயே கண்டறியும் முறையையும், வீட்டில் கைவைக்கக்கூடாத பழுதுகள் எவை என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

இயங்க மறுக்கும் காலை

காரைக்கால் நகரின் ஒரு பகுதி கோவில்பத்து. தேவாரப் பாடல் பெற்ற திருத்தெளிச்சேரி என்னும் தலம் இதுவே. பார்வதீசுவரர் கோயில் இங்கு அமைந்துள்ளது. காரைக்கால் மாவட்டம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. நிலப்புறம் முழுவதும் தமிழ்நாடு சூழ்ந்திருக்க, கிழக்கே வங்கக்கடல் விரிந்து கிடக்கிறது. மேற்கே ஐந்து கிலோமீட்டர் அளவில் திருநள்ளாறு. தெற்கே நாகூரும் வேளாங்கண்ணியும். ஆகவே 'பி.ஒய். 02' என்னும் பதிவெண் தாங்கிய வாடகை மகிழுந்துகளுக்கு இங்கு ஓய்வு குறைவு. சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கு வரும் அன்பர் கூட்டம் பெரிது. இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சியின்போது அது பன்மடங்காகும். அத்தகைய நாளில் ஒரு வாடகை மகிழுந்து வாசலைவிட்டு நகராவிடில் அந்நாளின் வருவாய் போய்விடும். நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லவேண்டிய வீட்டு மகிழுந்து நின்றுவிட்டாலோ, இழப்பு பணத்தோடு முடிவதில்லை.

இவ்வூரில் அடிக்கடி நிகழக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றோர் ஒலி மட்டும் கேட்கிறது, இயந்திரம் சுழலவில்லை. சுற்றி நிற்போர் அனைவரும் ஒரே குரலில் "பேட்டரி போய்விட்டது" என்கின்றனர். சில ஆயிரம் ரூபாய் செலவில் புதிய பேட்டரி பொருத்தப்படுகிறது. வண்டியும் இயங்குகிறது. இரண்டு வாரம் கழித்து, அதே காலை, அதே 'டிக்'. இப்போது குறை கூறப்படுவது பேட்டரி விற்ற கடைக்காரர். உண்மையில் பழைய பேட்டரியும் நன்றாகவே இருந்தது. புதியதும் நன்றாகவே இருக்கிறது. கோளாறு இருந்தது வேறோர் இடத்தில், எவரும் குனிந்து பார்க்காத ஒரு கம்பியின் முனையில்.

அறிகுறிக்கும் காரணத்துக்கும் இடையே உள்ள தொலைவைக் கடப்பதுதான் பழுதறிதல். அதற்குப் பெரிய கருவிகள் வேண்டா. செவி, கண், மூக்கு ஆகியவற்றோடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரும் ஒழுங்கான வரிசையில் வினாக்களைக் கேட்கும் பழக்கமும் போதும்.

ஒலியும் ஒளியும்

இயங்காத மகிழுந்திடம் கேட்கவேண்டிய முதல் வினா, இயந்திரம் சுழல்கிறதா என்பது. பட்டறைகளில் 'செல்ஃப்' என்று வழங்கப்படும் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் இயந்திரத்தை முதலில் சுழற்றிவிடுகிறது. அது சுழற்றியும் இயந்திரம் உயிர்பெறாவிட்டால் குறை எரிபொருளிலோ தீப்பொறியிலோ இருக்கலாம். சுழலவே இல்லையென்றால் குறை மின்பாதையில் இருக்கிறது. இந்த ஒரு வினாவாலேயே தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. எரிபொருள் முள் எங்கே நிற்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. பலர் அதைக் கடைசியில்தான் பார்க்கின்றனர்.

மின்பாதையில்தான் குறை எனில் அடுத்து ஒலியைக் கேட்கவேண்டும். ஒலியே இல்லை, முகப்புப் பலகையின் விளக்குகளும் எரியவில்லை என்றால் பேட்டரி முற்றிலும் வறண்டிருக்கலாம். அல்லது அதன் முனையில் இணைப்பு அறுந்திருக்கலாம். 'டிக்டிக்டிக்' என விரைந்து தொடரும் ஒலி, மின்வலிமை குறைந்திருப்பதைக் காட்டுகிறது. 'டக்' என்னும் ஒற்றை ஒலி, பேட்டரியிலிருந்து கட்டளை வந்தும் ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுழல முடியவில்லை என்பதன் குறிப்பு. ஒலிகள் எப்போதும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்பதில்லை. அதனால் ஒளியைத் துணைக்கு அழைக்கவேண்டும். முகப்பு விளக்கை எரியவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் எதிரே பாதுகாப்பான தொலைவில் நின்று விளக்கைப் பார்க்கவேண்டும். விளக்கு மங்கி அணைந்துபோனால் பேட்டரியிலோ அதன் முனைகளிலோ குறை. விளக்கு சற்றும் மங்காமல் எரிந்துகொண்டிருக்க, இயந்திரம் மட்டும் அசையாவிட்டால், பேட்டரியை விட்டுவிட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரின் பாதையைத் தேடவேண்டும்.

மல்டிமீட்டர் இதை எண்ணால் சொல்லும். மகிழுந்தின் பேட்டரி ஆறு அறைகளைக் கொண்டது. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். எனவே முழுமையாக மின்னேற்றம் பெற்று, சில மணிநேரம் ஓய்வாக இருந்த பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 வோல்ட் என்றால் ஏறத்தாழப் பாதி மின்னேற்றமே மிஞ்சியிருக்கிறது. 12 வோல்ட்டுக்குக் கீழே சென்றால் அது வறண்ட நிலை. இயந்திரம் ஓடும்போது இதே முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கவேண்டும். அவ்வளவு இல்லையென்றால், பேட்டரிக்கு மின்னூட்டம் தரும் ஆல்டர்னேட்டர், அதாவது பட்டறை வழக்கில் 'டைனமோ', தன் வேலையைச் செய்யவில்லை. அந்நிலையில் எத்தனை புதிய பேட்டரிகளை வாங்கிப் பொருத்தினாலும் அவை ஒவ்வொன்றாக வறண்டுபோகும்.

உப்பு செய்யும் வேலை

கோவில்பத்துக் கதைக்குத் திரும்புவோம். அங்கே விளக்கு மங்கவில்லை; பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. ஆனாலும் இயந்திரம் அசையவில்லை. இதற்கான விடை கடலிலிருந்து வருகிறது.

அலைகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று நிலத்துக்குள் ஏந்திவருகிறது. நீர் ஆவியாகிவிட, உப்புத்துகள் எஞ்சி வண்டியின் மேலும் கீழும் இடுக்குகளிலும் படிகிறது. உப்புக்கு ஈரத்தை ஈர்க்கும் இயல்பு உண்டு. மழையில்லாத நாளிலும் இரவின் ஈரக்காற்றிலிருந்து நீரை உறிஞ்சி, இரும்பின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலத்தை உண்டாக்குகிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் தேவை என்பதை வேதியியல் பாடத்தில் மாணவர் அறிந்திருப்பர். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. தூய நீரைவிட உப்புநீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதால் அவ்வினை விரைவாக நடக்கிறது. உள்நாட்டு ஊர்களில் பல ஆண்டு தாங்கும் இரும்பு இணைப்புகள் கடற்கரை ஊர்களில் அதற்கு முன்பே அரிக்கப்பட்டுவிடுவது இதனால்தான்.

மகிழுந்தின் மின்பாதையில் பாதி கம்பி. மீதிப் பாதி வண்டியின் இரும்பு உடல். பேட்டரியின் நேர்முனையிலிருந்து கம்பிவழியே புறப்படும் மின்னோட்டம், வேலையைச் செய்துவிட்டு, இரும்பு உடலின் வழியே எதிர்முனைக்குத் திரும்புகிறது. இயந்திரம் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதையும் உடலையும் இணைக்கத் தனியே ஒரு தடித்த கம்பிப்பட்டை இருக்கும். அதைப் பட்டறைகளில் 'எர்த் கம்பி' என்பர். வண்டியின் அடிப்பகுதியை ஒட்டி இருப்பதால் மழைச்சேறும் உப்பும் முதலில் சேரும் இடங்களுள் அதுவும் ஒன்று. அதன் முனையில் துரு ஏறியதும், திரும்பிவரும் வழி குறுகிவிடுகிறது.

குறுகிய வழி எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை ஓம் விதி காட்டுகிறது. துருவினால் 0.02 ஓம் அளவுக்கு மட்டுமே மின்தடை கூடியதாகக் கொள்வோம். மிகச் சிறிய எண்தான். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் இயந்திரத்தைச் சுழற்ற நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை இழுக்கிறது. 150 ஆம்பியர் எனக் கொண்டால், 150 × 0.02 = 3 வோல்ட் அந்தத் துருவிலேயே வீணாகிறது. பன்னிரண்டில் மூன்றை வழியிலேயே இழந்த மோட்டாரால் சுழல முடிவதில்லை. இதே துருவின் வழியே ஒரு ஆம்பியர் மட்டும் செல்லுமானால் இழப்பு 0.02 வோல்ட், அதை எவராலும் உணரமுடியாது. சிறு விளக்குகள் பளிச்சென்று எரிவதும் பெரிய மோட்டார் முடங்கிக் கிடப்பதும் ஒரே வண்டியில் ஒரே நேரத்தில் நிகழ்வதன் காரணம் இதுவே. புதிய பேட்டரியின் சற்றுக் கூடுதலான வலிமை அக்குறையைச் சில நாள் மறைத்தது, அவ்வளவுதான்.

இதைக் கண்டறிய மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை இயந்திரத்தின் பூச்சற்ற உலோகத்திலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் செய்யவேண்டும். கியர் நடுநிலையில் இருப்பதும் கைப்பிரேக் போடப்பட்டிருப்பதும் முன்நிபந்தனைகள். திரும்பும் வழி சீராக இருந்தால் மீட்டர் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். அரை வோல்ட்டைத் தாண்டினால் குறை அந்த வழியில்தான். தீர்வு எளிது. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, எர்த் கம்பியின் திருகாணியை நீக்கி, இரண்டு பரப்புகளையும் உப்புத்தாள் கொண்டு பளபளக்கத் தேய்த்து, மீண்டும் இறுக்கி, மேலே கிரீஸ் பூசவேண்டும். உப்பு செய்த தீங்கை உப்புத்தாள் நீக்குவது சொல்லளவில் ஒரு வேடிக்கை.

பேட்டரியின் முனைகளில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருக்கும் பொடிக்கும் இதுபோன்ற மருத்துவமே. அது அமிலத்தின் விளைவு என்பதால், சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கரைந்துவிடும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும் நேர்முனையைப் பின்னரும் கழற்றவேண்டும். பொருத்தும்போது நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். இவ்வரிசை வெறும் சடங்கன்று. வண்டியின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. எதிர்முனையைக் கழற்றாமல் நேர்முனையில் ஸ்பேனரை வைத்துத் திருகும்போது, அதன் மறுமுனை உடலில் பட்டுவிட்டால் மின்சுற்று குறுக்காக மூடிக்கொண்டு தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வளி வெளிப்படக்கூடும். ஆதலின் மோதிரம், வளையல், கைச்சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவைத்துவிட்டு, கண்ணாடியும் கையுறையும் அணிந்து, தீயை அருகில் கொண்டுவராமல் இவ்வேலையைச் செய்யவேண்டும்.

கொண்டை ஊசியும் தோல்துண்டும்

நின்றுபோன வண்டியைக் கையிலிருப்பதைக் கொண்டு சரிசெய்யும் வழக்கம் மகிழுந்தின் வயதையே ஒத்தது. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்த்தா பென்ஸ், தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்றுசக்கர மோட்டார் வண்டியில் தம் இரு மகன்களுடன் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பயணமே மகிழுந்து வரலாற்றின் முதல் நெடும்பயணம். கணவரிடம் அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் அடைப்பை நீக்கினார். வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில் கறைநீக்கப் பயன்படும் லிக்ராயின் என்னும் நீர்மத்தை வாங்கி எரிபொருளாக ஊற்றினார். மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவர் ஒருவரைக்கொண்டு அவற்றின்மேல் தோலைப் பொருத்தச் செய்தார். இன்றைய பிரேக் லைனிங்குக்கு முன்னோடி அந்தத் தோல்துண்டே. பேரனுபவம் மிக்க பொறியாளர்களுக்குத் தோன்றாத திருத்தம், வண்டியை ஓட்டியவருக்கு வழியில் தோன்றியது.

தமிழகத்தில் இத்தகைய துணிவுக்குப் பெயர்பெற்றவர் கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு. ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த அவர், உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து, அதையே முந்நூறு ரூபாய்க்கு விலைக்கு வாங்கினார் என்பர். வாங்கியதும் ஓட்டிப் பார்க்கவில்லை. பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் பூட்டிப் பார்த்தார். 1920இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார்.

அக்காலத்து வண்டிகள் பிரிப்பதற்கு இடம்கொடுத்தன. அண்மைக்காலம்வரை ஓடிய அம்பாசிடர் மகிழுந்தும் அப்படியே; கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவதும் பிளக்கைத் தேய்த்துப் பொருத்துவதும் ஓட்டுநர் பலருக்குக் கைவந்த வேலைகள். 2014இல் அதன் உற்பத்தி நின்றது. இன்றைய வண்டிகளில் கணினி நுழைந்துவிட்டதால் வீட்டில் ஒன்றும் செய்ய இயலாது என்பது பரவலான எண்ணம். அது பாதி உண்மை. பிரிக்கும் வேலை குறைந்திருக்கிறது. அறியும் வேலை குறையவில்லை.

தெரிந்து தெளிவோம்

மகிழுந்தின் முகப்புப் பலகைக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்காலை ஒட்டிப் பதினாறு துளைகள் கொண்ட ஓர் இணைப்புவாய் இருக்கும். 'ஓ.பி.டி.' எனப்படும் இதில் சிறு கருவியைச் செருகி, கைப்பேசியிலேயே வண்டியின் பழுதுக்குறியீடுகளைப் படிக்கலாம். பி0300 என்பது சிலிண்டர்களில் எரிதல் ஒழுங்கற்றுத் தவறுவதைக் குறிக்கும். பி0171 என்பது எரிபொருளின் அளவுக்குக் காற்று மிகுந்துவிட்டதைக் குறிக்கும். குறியீடு நோயின் பெயரைச் சொல்லும். அதன் காரணத்தைச் சொல்லாது. பி0171 தோன்றியதும் ஆக்சிஜன் உணரியை மாற்றிவிடுவோர் உண்டு. விரிசல்விட்ட ஒரு ரப்பர்க் குழாயே காரணமாக இருக்கலாம். இயந்திர எச்சரிக்கை விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் சோதிக்கவேண்டும். விட்டுவிட்டு மின்னினால் வண்டியை உடனே ஓரங்கட்டி நிறுத்தவேண்டும்.

கொதிக்கும் இயந்திரம்

சித்திரை, வைகாசி வெயிலில் நெடுஞ்சாலை ஓரத்தில் முகப்பு மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும் வண்டிகளைக் காணலாம். வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டதும் செய்யவேண்டியது, குளிர்சாதனத்தை அணைத்து, வண்டியை ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை ஓய்வுறச் செய்வது. செய்யக்கூடாதது, ரேடியேட்டர் மூடியைத் திறப்பது. மூடிய அமைப்பினுள் அழுத்தம் மிகுந்திருப்பதால் அதனுள் இருக்கும் நீர் நூறு டிகிரியைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விலக, நீர் முழுவதும் ஒருசேரக் கொதித்து முகத்தில் பீறிடும். இவ்வாறு வெந்துபோன கைகளும் முகங்களும் பல. அரைமணி நேரமேனும் காத்திருந்து, மூடி கைக்குச் சூடின்றி ஆனபின்னரே தொடவேண்டும்.

ஆறியபின் வினாக்கள் தொடங்குகின்றன. கூலன்ட் தொட்டியில் அளவு குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் வண்டிக்கு அடியில் ஈரம் உண்டா? இயந்திரம் சூடேறும்போது மின்விசிறி சுழல்கிறதா? நெரிசலில் மட்டும் கொதித்து, வேகமாகச் செல்லும்போது தணிந்துவிடும் வண்டியில் முதலில் ஐயுற வேண்டியது விசிறியையே. அதன் ஃபியூஸோ ரிலேயோ போயிருக்கலாம், அவை விலை குறைந்தவை. மாறாக, வேகமாகச் செல்லும்போது கொதித்தால் அடைப்பையோ கூலன்ட் ஓட்டத்தையோ பார்க்கவேண்டும். ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பார்க்கையில் ஆயில் பால்கலந்த தேநீரைப்போல் இருந்தால், கூலன்ட் ஆயிலோடு கலந்திருக்கலாம். அதன்பின் வண்டியை இயக்கவே கூடாது, இழுத்துத்தான் செல்லவேண்டும்.

கடற்கரை ஊர்களுக்கு இதில் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. இங்குக் கிணற்றுநீரும் ஆழ்துளைக் கிணற்றுநீரும் பல இடங்களில் உவர்ப்பானவை. அவசரத்துக்கு அந்நீரை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு அப்படியே மறந்துவிடுவதால் உட்குழாய்களில் உப்புப்படிவமும் அரிப்பும் உண்டாகின்றன. வெளியே காற்று செய்யும் வேலையை உள்ளே நீர் செய்கிறது. உரிய கூலன்டைக் காய்ச்சிவடித்த நீரோடு, தயாரிப்பாளர் கூறும் அளவில் கலந்து ஊற்றுவதே முறை.

டயரும் பிரேக்கும்

டயரின் தேய்வு ஓர் ஆவணம் போன்றது. இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகை. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர்கோடு பிசகியிருக்கிறது. பட்டையின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் மழைநீரை வெளியேற்றும் திறன் போய்விடும், டயரை மாற்றவேண்டியதுதான். உரிய காற்றழுத்தம் பெரும்பாலும் ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டப்பட்டிருக்கும். ஆயுத பூசையன்று சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறவர்கள், அப்போதேனும் டயரின் உட்புறத்தை ஒருமுறை பார்க்கலாம்.

பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியைப் பூட்டுவது மாணவப் பருவத்திலேயே பார்த்துப் பழகத்தக்கது. திருகாணிகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தி, பிறகே ஜாக்கியால் தூக்கவேண்டும். தூக்கியபின் தளர்த்த முயன்றால் வண்டி சரியும். மற்றச் சக்கரங்களுக்குக் கல் அணைகொடுக்கவேண்டும். காவிரிப்படுகையின் களிமண் மழைக்காலத்தில் ஜாக்கியை விழுங்கிவிடும் என்பதால் அதன் அடியில் ஒரு பலகை தேவை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் நுழையக்கூடாது.

பிரேக்கின் மொழி சற்று நுட்பமானது. இரவெல்லாம் ஈரக்காற்றில் நின்ற வண்டி, காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் 'கர்' என்று உரசி, பின்னர் அமைதியாகிவிட்டால் அச்சப்படத் தேவையில்லை. பிரேக் தட்டின்மேல் ஒரே இரவில் படர்ந்த மெல்லிய துரு, பேடு உரச நீங்கிவிடுகிறது. கடற்கரை ஊர்களில் இது அன்றாட நிகழ்ச்சி. நாள் முழுவதும் கீச்சென்று ஒலித்தால், பல வண்டிகளில் அது பேடு தேய்ந்துவிட்டதை அறிவிப்பதற்கென்றே வைக்கப்பட்ட உலோக நாக்கின் குரல். உலோகத்தோடு உலோகம் அரையும் ஒலி கேட்டால் காலம் கடந்துவிட்டது. மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தாலோ தரையைத் தொட்டாலோ எண்ணெய்க் கசிவோ, குழாயில் காற்றோ இருக்கலாம். இங்கே வீட்டு மருத்துவம் நின்றுவிட வேண்டும். பிரேக் எண்ணெயின் அளவைப் பார்ப்பதும் ஒலியைக் குறித்துக்கொள்வதும் வீட்டு வேலை. குழாயைத் திறப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. பேட்டரி இணைப்பில் நேரும் தவறு வண்டியை நிறுத்திவைக்கும். பிரேக்கில் நேரும் தவறு வண்டியை நிற்கவிடாது. ஸ்டியரிங், விபத்தின்போது விரியும் காற்றுப்பை, எரிபொருள் கசிவு ஆகியவையும் இவ்வகையினவே.

வெள்ளம் வடிந்த பின்

காரைக்கால் கடற்கரை புயல்களின் பாதையில் இருப்பது. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலை ஒட்டியே கரையைக் கடந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் தெற்கே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தில் எண்ணற்ற மகிழுந்துகள் மூழ்கின. அவற்றுள் பலவற்றைக் கெடுத்தது வெள்ளம் மட்டுமன்று, வெள்ளம் வடிந்ததும் ஆவலோடு திருப்பப்பட்ட சாவியும்தான்.

காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் இருக்கவேண்டிய இடத்தில் நீர் புகுந்திருக்க, ஸ்டார்ட்டர் மோட்டார் பிஸ்டனை மேலே தள்ளும். அமுங்காத நீரின்மேல் மோதும் விசை, பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத்தண்டை வளைத்துவிடும். ஒரே நொடியில் இயந்திரம் பாழாகிறது. காற்றுவடிகட்டியை மாற்றி, ஆயிலை மாற்றி, உலர்த்தி மீட்டிருக்கக்கூடிய வண்டி அது. பல காப்பீட்டு ஒப்பந்தங்களில் வெள்ளத்தால் நேரும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. மூழ்கிய பின் இயக்கியதால் நேரும் இயந்திரச் சேதத்துக்குத் தனியே இயந்திரப் பாதுகாப்பு எடுத்திருந்தாலன்றி இழப்பீடு மறுக்கப்படுகிறது.

ஆகவே சக்கரத்தின் பாதிக்குமேல் நீர் நின்றிருந்தால் சாவியைத் தொடாமல், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடவேண்டும். நீர் எந்த மட்டம்வரை ஏறியது என்பதற்கான கறையை நிழற்படம் எடுத்துக்கொள்வது காப்பீட்டுக்கு உதவும். காற்றுவடிகட்டியின் பெட்டியைத் திறந்து பார்த்தால் தாள் நனைந்திருக்கிறதா என்பது தெரியும். நனைந்திருந்தால் நீர் இயந்திரத்தின் வாசல்வரை வந்துவிட்டது என்று பொருள். ஆயில் அளவுக்கம்பியில் அளவு கூடியிருந்தாலோ நிறம் வெளுத்திருந்தாலோ உள்ளேயும் புகுந்துவிட்டது. இரண்டிலும் மாற்றமில்லை என்றாலும் மெக்கானிக் பார்த்தபின் இயக்குவதே நல்லது. வண்டியை மூழ்கடித்தது கடல்நீராயின் காத்திருக்க நேரமில்லை. மின்னிணைப்புகளை நன்னீரால் கழுவி உலர்த்தும் பணியைப் பட்டறையில் அன்றே தொடங்கச் செய்யவேண்டும்.

புயலும் வெள்ளமும் இல்லாத நாள்களிலும் கழுவுதலே கடற்கரை வண்டியின் முதன்மையான பராமரிப்பு. மேற்பரப்பைத் துடைத்துப் பளபளப்பாக்குவதில் காட்டும் அக்கறையை எவரும் அடிப்பகுதியில் காட்டுவதில்லை. சக்கர வளைவுகளின் உட்புறம், கதவுகளின் கீழ்விளிம்பு, அடித்தட்டு ஆகியவற்றில் வாரம் ஒருமுறை நன்னீரைப் பீய்ச்சி உப்பை நீக்கவேண்டும். கதவின் கீழ்விளிம்பில் நீர் வடிவதற்கான சிறு துளைகள் உண்டு. அவை அடைபட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஒரு துடைப்பக்குச்சி போதும், அவற்றைத் திறக்க.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் உள்ள பழுதுபார்க்கும் பட்டறைக்குச் சென்று, அங்கு வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எந்தப் பகுதியைக் குறிக்கிறது எனக் கேட்டு எழுதுக.

"முகப்பு விளக்கு நன்றாக எரிகிறது, ஆனால் வண்டி இயங்கவில்லை." இதற்கான காரணத்தை ஓம் விதியைக் கொண்டு உம் தோழருக்கு விளக்குவதுபோல் ஓர் உரையாடல் அமைக்க.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள வண்டியின் நான்கு டயர்களையும் பார்வையிட்டு, தேய்வைக் கொண்டு அவ்வண்டி எவ்வாறு ஓட்டப்பட்டது என்பதை ஒரு பத்தியில் எழுதுக.